அபூ காலித்தின் காரில் நீ சொன்னது

அம்மிணி,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்ட்ஸ் கவுண்டரில் நின்றுகொண்டே பார்த்தேன். முதல் படத்தில், உன் காரின் பின்பக்கத்தைத் தாங்க நாலு இரும்புப் பட்டை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார் புதிதாக வந்தபோது பின்னால் இருந்த அதே கனம், அதே வளைவு. இரண்டாவதில் அஞ்சு பட்டை. ஒவ்வொன்றும் தடிமன், வண்டியின் பின்பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கி நிறுத்தும். மூன்றாவது இரும்பே இல்லாமல் ஃபைபரில் செய்த ஒற்றைப் பட்டை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: எதை வாங்கட்டும் அப்பா, பிரபுவுக்குப் பின்பக்கம் தூக்கி நின்றால்தான் பிடிக்கும். வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். போனை வாய்க்கருகே வைத்து, அஞ்சு பட்டையைப் போடு என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருப்பேன். விரல் அந்த பட்டன் வரைக்கும் போனது. அப்புறம் எடுத்துவிட்டேன். நாலு நாளாகப் பதில் இல்லையே, உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையில் நீயும் இருக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நேற்று உன் அம்மாவிடம் முதல்முறையாகச் சொன்னேன். "எழுதுங்க. போன்ல சொன்னா பாதியில பேச்ச மாத்திப்போடுவீங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கல்யாணத்துக்கு நகை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நீயும் பிரபுவும் ஷார்ஜாவில் ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கிக்கொண்டு வந்த நாளில், அம்மா இங்கே பஹ்ரைனில் தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் அவளுக்குத் தெரியாமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. அதே மாதிரி ஒரு காருக்கு அடியில் நான் இரண்டு வெள்ளிக்கிழமை படுத்துக் கிடந்தது உனக்குத் தெரியுமா? நீ எஞ்சினைப் பிரித்தாய், பிரேக்கை மாற்றினாய், ஒவ்வொன்றுக்கும் படம் அனுப்பினாய். எஞ்சினியர் படித்தவள், ஜெபல் அலியில் உன் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு சாமான் வாங்கும்போதும் என்னைக் கேட்கிறாய். நீ கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். கூடவே ஓர் உறுத்தலும் இருக்கும். அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் பதினாறு வயதில் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தவன். எஞ்சின் பக்கம் என்னை விடவில்லை. பட்டை வேலைதான். வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டில் கட்டி, லாரியின் ஆக்சிலோடு சேர்ப்பது. எட்டு வருஷம் அதையே செய்துவிட்டுத்தான் பஹ்ரைன் வந்தேன். சல்மாபாத் கேரேஜில் மலையாளி, பாகிஸ்தானி, வங்காளி என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பின்பக்கம் தொங்குகிறது, இடிக்கிறது என்று எந்த வண்டி வந்தாலும் மதராஸியைக் கூப்பிடு என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். லாரிப் பட்டை சுமை தாங்குகிறதா என்றுதான் பார்ப்போம். மேலே ஏற்றியிருப்பது சிமெண்ட் மூட்டையா முட்டையா என்பதைக்கூட ஓட்டுகிறவன்தான் கவலைப்பட வேண்டும். பட்டறைக்காரன் கேட்க மாட்டான்.

அபூ காலித்தை உனக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தாடி, எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஈசா டவுனில் நம் ஃபிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கரும்பச்சை நிறத்தில் அவரிடம் இருந்த கார், கல்யாணமான வருஷம் வாங்கியது. மகன் காலித் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததே அந்தக் காரில்தான் என்று சொல்வார். காரைத் திறந்தால் பழைய ரெக்ஸின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஊது என்கிற அகில் வாசனையும் சேர்ந்து வரும். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவரும் அவர் மனைவி உம் காலித்தும் அதில் ஏறி மேற்கே கடற்கரைக்குப் போவார்கள். நம் பால்கனியில் நின்றால் அந்த எஞ்சின் சத்தம் கேட்கும். நீ சின்னப் பிள்ளையில் எங்கிருந்தாலும் ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, போறாங்க பாரு ஜோடி, என்பாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நம் வீட்டில் வெள்ளிக்கிழமை டீ நேரம்.

நீ ஏழாவது படிக்கும்போது அவர் அந்தக் காரைக் கேரேஜுக்குக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சுமந்த பட்டைகள் வளைவு போய் நேராகப் படுத்துவிட்டன. பின்பக்கம் தாழ்ந்து, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் அடியில் டக்கென்று இடித்தது. அவர் கேட்டது அந்த இடி நிற்க வேண்டும் என்பது மட்டும்தான். பழைய மாதிரியே நாலு பட்டை வரவழைத்திருந்தால் போதும். நான் அஞ்சு பட்டைக் கட்டைத் தேர்ந்தெடுத்தேன். இனி ஆயுசுக்கும் தொங்காது முதலாளி என்று சொன்னேன். அது பொய்யில்லை. தொங்கவே தொங்காது. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடும் இடத்தில் இந்தக் கார் பின்னால் தூக்கிக்கொண்டு புலி மாதிரி நிற்க வேண்டும், இதை யார் செய்தது என்று நாலு பேர் கேட்க வேண்டும். வண்டியில் யார் உட்காருவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வேலை முடிந்த அன்று அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வா, ஓட்டிப் பார்ப்போம் என்றார். பள்ளிக்கூடம் விடும் நேரம், உன் மகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவரே உன் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நீ, அந்தக் காரைப் பார்த்ததும் தோழிகளிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடிவந்தாய். முன் சீட்டை மடக்கி உன்னைப் பின்னால் ஏற்றினேன். அந்தத் தெருவில் வரிசையாக ஸ்பீடு பிரேக்கர்கள். மூன்றாவது தாண்டியதும் நீ என் தோளைத் தொட்டாய்.

"லாரியாட்டம் குதிக்குதுங்கப்பா. பின்னாடி ரொம்ப ஹார்டா இருக்குது."

"புதுப் பட்டைன்னா அப்படித்தான் இருக்கும். பேசாம உக்காரு கண்ணு" என்றேன்.

அபூ காலித் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "வாஜித் ஜைன்னு சொல்றா முதலாளி" என்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அவர் சிரித்துக்கொண்டார். நீ பள்ளியில் அரபி படிக்கிறாய் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. படிக்காவிட்டாலும் ஜைன் என்ற சொல் தெரியாத பிள்ளை பஹ்ரைனில் ஏது? நான் திரும்பிப் பார்த்தபோது நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோபம் இல்லை, அழுகை இல்லை. என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ இதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அதற்கு முன்னால் வேலை முடிந்து வந்தால், இன்னைக்கு என்ன வண்டி வந்துச்சுங்கப்பா என்று கேட்பாய். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி நின்றுபோனது. பெரிய பிள்ளை ஆகிறாள், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாவது முடித்து மெக்கானிக்கல்தான் எடுப்பேன் என்று நீ நின்றபோது அதைக்கூட அம்மா மூலமாகத்தான் எனக்குச் சொல்லி அனுப்பினாய். பெண் பிள்ளைக்கு கிரீஸ் எதற்கு, கம்ப்யூட்டர் எடுக்கட்டும் என்று நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காரின் பின் சீட்டில் மூன்றே ஸ்பீடு பிரேக்கரில் நீ கண்டுபிடித்ததை, இருபது வருஷம் பட்டை கட்டிய நான் ஒத்துக்கொள்ளாமல் போனேன் என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி இருந்தேன்.

எப்படித் தெரியும் என்றால், அந்தப் பட்டை போட்டு ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில் அபூ காலித்தைப் பார்த்தேன். கார் பளபளவென்று நின்றது. பக்கத்து சீட் காலி. மாமா வரவில்லையா என்று கேட்டேன். உம் காலித்தை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், இங்கே மாமா என்றால் அம்மா. அவளுக்கு முதுகு முடியவில்லை, முன்னே ஆபரேஷன் செய்த இடம், இப்போது கார் பயணம் ஒத்துக்கொள்வதில்லை, வயசாகிவிட்டது, கலாஸ், அவ்வளவுதான் என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நோன்புக்கு முன்னாலிருந்து என்றார். நான் பட்டை மாட்டியதும் நோன்புக்கு முன்னால்தான். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கை கொடுத்துவிட்டு தனியாகக் கடற்கரைக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்து டீ குடிக்காமல் படுத்துக்கொண்டேன். உங்கள் இருவரிடமும் தலைவலி என்று சொன்னேன்.

மூன்று வாரம் அதை மனதில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சொன்னால் கேரேஜ் முதலாளி காதுக்குப் போகும், பேர் போகும், வேலையும் போகலாம். நம் மூன்று பேர் விசாவும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த எஞ்சின் சத்தம் கேட்கும். நீ பால்கனிக்கு வருவதை நிறுத்தியிருந்தாய். அம்மா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் தனியாப் போறார் என்பாள். நாலாவது வெள்ளிக்கிழமை அஸருக்கு முன்னால் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே உட்காரவைத்து காவா, அவர்கள் ஊர்க் காப்பி, ஊற்றினார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, தப்பு என்னுடையது, அந்தப் பட்டை உங்கள் காருக்கு ஆகாது, மாமாவின் முதுகுக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்த அரபியும் ஹிந்தியும் கலந்து சொல்லி முடித்தேன். அவர் காவாக் குடுவையைக் கீழே வைத்தார். அதற்கு அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது. நீ அவ்வளவு சந்தோஷமா நின்னுட்டிருந்தே. உன் மகளும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா. நான் எப்படிச் சொல்றது?"

அப்போதுதான், என் மகள் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உம் காலித் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் புருஷனிடம் கார் இடிக்கிறது என்று சொல்லவே இல்லையாம். புருஷன் அந்தக் காரைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார், எதற்குக் கெடுப்பது என்று முதுகைக் காரணம் சொல்லி வீட்டில் இருந்துவிட்டாராம். யோசித்துப் பார் அம்மிணி. என் முகத்துக்காக அவர் பேசவில்லை. அவர் முகத்துக்காக அந்த அம்மா பேசவில்லை. பேசியது நீ ஒருத்திதான். அதையும் நான் மாற்றிவிட்டேன்.

நாலு பட்டைக் கட்டு கப்பலில் வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. கேரேஜில் வேண்டாம், வீட்டிலேயே மாட்டு என்றார். இரண்டு வெள்ளிக்கிழமை அவர் வீட்டு கார் கொட்டகையில் வேலை செய்தேன். ஓவர்டைம் என்று உங்களிடம் சொன்னது அதைத்தான். இந்த முறை டேங்கை நிரப்பச் சொன்னேன். சக்கரம் தரையில் பதிய, பின்பக்கத்தை ஏற்றுப் பலகையில் நிறுத்தினேன். உம் காலித்தை வந்து தன் சீட்டில் உட்காரச் சொன்னேன். கையில் காவாக் கிண்ணத்தோடு அவர் மேலே உட்கார்ந்திருக்க, நான் அடியில் படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டுகளை முறுக்கினேன். நடுநடுவே, கீழே உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பார். முடித்ததும் இருவரும் அப்படியே கிளம்பிப் போனார்கள். நான் சாமான்களைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணியில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடித்து விளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் வந்தார்கள். உம் காலித் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். அபாயாவின் ஓரமெல்லாம் கடற்கரை மணல். உள்ளே போய் ஒரு டப்பா ஹல்வாவைக் கொண்டுவந்து கொடுத்தார். இது உனக்கில்லை, உன் மகளுக்கு என்றார். "அவகிட்ட சொல்லு, அடுத்த தடவை இன்னும் சத்தமாச் சொல்லணும்னு."

நான் அந்த ஹல்வாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, கேரேஜ் முதலாளி கொடுத்தார் என்று மேஜைமேல் வைத்தேன். நீ பாதாமையெல்லாம் பொறுக்கித் தின்றாய். உனக்கு வந்ததைத்தான் தின்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மா சொல்லி அனுப்பியதையும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால், நீ சரி, நான் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அபூ காலித்திடம் சொல்ல முடிந்தது, உன்னிடம் முடியவில்லை. பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அந்த அம்மா போன வருஷம் காலமானார். நான் துக்கம் கேட்கப் போனபோது அபூ காலித் உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். கார் எஞ்சினியர் ஆகிவிட்டாள் என்றேன். ஆகாமல் எப்படி என்றார்.

இனி உன் பட்டைக்கு வருகிறேன். ஃபைபர் பட்டையை நான் கையால் தொட்டதில்லை. கனம் இல்லை, கிரீச்சிடாது என்கிறார்கள். ஷார்ஜா ஆகஸ்ட் வெயிலில் எத்தனை வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்குச் சொல்ல மாட்டேன். அஞ்சு பட்டை என்றால் பின்பக்கம் தூக்கி நிற்கும், ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாலும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளாது. ஆனால் இரண்டே பேர் போகும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். நாலு பட்டை மெத்தென்று போகும், சிக்னலில் பாய்ந்து கிளம்பினால் பின்சக்கரம் கொஞ்சம் குதிக்கும். பழைய பட்டையையே அடித்து வளைத்துத் தருகிறேன் என்று இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் யாராவது சொன்னால் கேட்காதே, நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதே. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது பட்டை முனையில் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டுகளை முறுக்கிவிடாதே. சக்கரம் தரையில் பதிந்து, உட்காருகிறவர்கள் உட்கார்ந்த பிறகு முறுக்கு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் பாதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிரபுவுக்கு எது பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். அப்பா எதைச் சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். மூன்றிலும் உனக்கு எது சரியென்று படுகிறது என்று எங்கேயும் எழுதவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அந்த வரியைக் காணோம். பிரபு தங்கமான பையன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் உன் அம்மாவுக்குத் தங்கமான பையனாகத்தான் வந்து சேர்ந்தேன். ஆனாலும் உன் வார்த்தையை ஒருவர் மாற்றிச் சொல்கிறார் என்று தெரிந்தால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதே. அவர் முகம் வாடும், பரவாயில்லை, வாடட்டும். உன் அப்பாவின் முகம் அன்றைக்கு வாடியிருந்தால் ஒரு வயதான அம்மாவுக்கு நாற்பது வெள்ளிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

எது என்று நான் சொல்லப் போவதில்லை. நீயே பார்த்து வாங்கி மாட்டிவிடு. பதினான்காம் தேதி காலை பத்து மணி விமானத்தில் நாங்கள் ஷார்ஜா வந்து இறங்குகிறோம். அங்கிருந்து எல்லை தாண்டி ரூவிக்கு, உங்கள் கல்யாணத்துக்கு, உன் காரிலேயே போவோம். அம்மா இப்போதே முதுகுக்கு ஒரு தலையணையைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்று நான் அதை வெளியே எடுத்து வைத்தேன்.

அன்புடன்,
அப்பா